நூற்று அறுபத்தேழாவது விமானம்

"போட்டோவக் காட்டுங்க சார்."

நான் கேட்டதும் அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். போண்டாவைக் கடித்த ஒருவர் மெல்லாமல் அப்படியே இருந்தார்.

கிளப்பில் சேர்ந்த அன்றே செயலாளர் ஜெயக்குமார் எனக்குச் சொல்லிவைத்திருந்தார். "யார்கிட்ட வேணா என்ன வேணா கேளும்மா. தலைவர்கிட்ட மட்டும் போட்டோ கேட்டுறாத. அவர் சொன்னா சொன்னதுதான்." இரண்டு வருடம் கேட்காமல்தான் இருந்தேன். ஆனால் என்னிடம் ஒவ்வொரு முறையும் கேட்டார்கள். எழுத்து தெளிவாக இல்லை, தேதி எங்கே, வேறு கோணம் இருக்கா. முதல் பட்டதாரி சான்றிதழுக்காகத் தாசில்தார் ஆபீசுக்கு நடந்தபோதுகூட இத்தனை அத்தாட்சி கேட்கவில்லை.

எங்கள் கிளப்பின் வேலை வெளியாட்களுக்குச் சிரிப்பாக இருக்கும். வண்டிக்கு நம்பர் இருப்பதுபோல ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பதிவெண் உண்டு. திருச்சிக்கு வந்துபோகும் விமானங்களின் எண்ணைக் கண்ணால் படித்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஒரு விமானத்தை ஒருவர் ஒருமுறைதான் எழுதலாம். எந்த விமானம் வருகிறது என்று காட்டும் ஆப்பைப் போனில் பார்த்து எழுதினால் செல்லாது. மாதம் ஒரு ஞாயிறு ஸ்ரீரங்கத்தில், தலைவர் ரெங்கராஜ் சார் வீட்டு மாடியில் கூடுவோம். நான் ஒருத்திதான் பெண்.

இந்த வருடம் வெறும் பெருமையோடு முடியாது. பெங்களூரில் விமானம் பழுதுபார்க்கும் கூடத்துக்குள் ஒரு நாள் முழுக்க இருக்கலாம். இன்ஜினுக்கு அடியில் நிற்கலாம், விமானத்துக்குள் ஏறலாம், விமானியின் இருக்கையில் உட்காரலாம். கிளப்புக்கு ஒரே பாஸ். அதிக எண்ணிக்கை யாருக்கோ அவருக்கு. சமமாக இருந்தால் மூத்த உறுப்பினருக்கு.

எனக்கு நூற்று அறுபத்தேழு. போன வாரம் வரை நூற்று அறுபத்தாறில் இருந்த ரெங்கராஜ் சாருக்கும் திடீரென்று நூற்று அறுபத்தேழு.

நான் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போடுகிறேன். முசிறிக்காரர், துறையூர்க்காரர் என்று தினம் முப்பது பேரைத் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றி அனுப்புகிறேன். நான் ஏறியதில்லை. உப்பிலியபுரத்தில் எங்கள் வீட்டில் யாருமே ஏறியதில்லை. ரெங்கராஜ் சார் மகனைப் பார்க்க ஆறு முறை அமெரிக்கா போய்வந்தவர். அன்றும் முதல் ஒரு மணி நேரம், எந்த விமானத்தில் கால் நீட்ட இடம் அதிகம், திருச்சி ஓடுபாதையை நீட்டினால் எந்தப் பெரிய விமானம் வரும், ஏடிஆர் என்கிற சின்ன விமானத்தில் ஏன் காது அடைக்கிறது என்று அவர்தான் பேசினார். கால் நீட்டுவதைப் பற்றி நான் என்ன பேசுவது?

பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே புது எண்ணைப் பார்த்ததும்தான் கேட்டுவிட்டேன்.

"என்னம்மா மலர்க்கொடி, இது போலீஸ் ஸ்டேஷனா?" ரெங்கராஜ் சார் சிரித்தார். "முப்பத்தாறு வருஷம் பேங்க்ல கையெழுத்துப் போட்டவன் நான். ஒருத்தர் சரிபார்த்ததில்ல."

"அதான் சார் உங்க பேங்க்கக் கொண்டுபோய் இன்னொரு பேங்க்ல சேத்துட்டாங்க" என்றார் ரஃபீக் அண்ணன். பாலக்கரையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

"ரஃபீக், சும்மா இருங்க" என்றார் ஜெயக்குமார். "ஏம்மா, உன்கிட்ட என்ன சொன்னேன்?"

"எனக்கு ஒரு சட்டம், அவருக்கு ஒரு சட்டமா சார்?"

ரெங்கராஜ் சார் கையமர்த்தினார். "கேக்கட்டும். செவ்வாய்க்கிழமை காலைல ஒம்பது இருபது. மதுரை ரோட்டுல எடமலைப்பட்டி புதூர்கிட்ட காரை ஓரங்கட்டுனேன். தலைக்கு மேலதான் இறங்குச்சு. இறக்கைக்கு அடியில நம்பரப் படிச்சேன். போதுமா?"

"இறங்குச்சா, ஏறுச்சா?"

"இறங்குச்சுன்னா இறங்குச்சு."

"இது ஆடி மாசம் சார்."

ரஃபீக் அண்ணனுக்குத்தான் முதலில் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஆடியில் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. அதனால் கிழக்குப் பக்கமாக வந்து இறங்கி, மேற்கே பார்த்து ஏறிப்போகும். எடமலைப்பட்டி புதூர் ஓடுபாதைக்கு மேற்கே இருக்கிறது. மார்கழியில் அவர் சொன்னது நடக்கும். ஆடியில் எங்கள் தலைக்கு மேல் விமானம் ஏறுமே தவிர இறங்காது. நான் குடியிருப்பதே புதூரில்தான். அந்த வாரம் கொடியில் போட்ட துணி ஒன்றுகூட என் வீட்டுப் பக்கம் நிற்கவில்லை.

"அம்மி பறக்குற காத்து. முதுகுப் பக்கம் அத வாங்கிக்கிட்டு எந்தப் பைலட் சார் இறக்குவான்?"

கேமராவை மேசையில் வைத்தேன். ஒன்பது இருபதுக்கு இறங்கிய அதே விமானம், பத்து மணிக்குத் திரும்ப ஏறியபோது என் மொட்டைமாடியிலிருந்து எடுத்தது. இறக்கைக்கு அடியில் எண் பளிச்சென்று இருந்தது. அது அவர் எழுதிய எண் இல்லை.

"நீங்க எழுதினது முந்தின நாள் ஆப்புல போட்டிருந்த நம்பர். காலைல வேற விமானத்த மாத்தி அனுப்பிட்டாங்க. நீங்க பாத்ததா சொல்ற விமானம் அன்னிக்குத் திருச்சிக்கே வரல."

ஜெயக்குமார் கேமராவை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அது சுற்றிவந்தது.

"வயசு எழுபத்தொண்ணு ஆச்சும்மா" என்றார் ஜெயக்குமார். "கண்ணு தடுமாறியிருக்கும்."

"கண்ணாடி நான் போட்டுக் குடுத்தது. அதுல குத்தமில்ல" என்றார் ரஃபீக் அண்ணன்.

"கண்ணு தடுமாறினா நம்பர் தப்பா தெரியலாம் சார். திசையுமா தப்பா தெரியும்? அடிச்சிருங்க."

ஜெயக்குமார் பேனாவை எடுத்தார். ரெங்கராஜ் சாரைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

அப்போது ரெங்கராஜ் சார் எழுந்தார். "எதுக்குப் பிரச்சினை? நான் எத்தனையோ பாத்துட்டேன். சின்னப் பொண்ணு, ஆசைப்படுது. பாஸ மலர்க்கொடிக்கே விட்டுக்கொடுக்கிறேன். பதிவேடு இருக்கிறபடி இருக்கட்டும்."

கைதட்டினார்கள். நிஜமாகவே தட்டினார்கள். "பெரிய மனசு சார்" என்று ஒருவர் சொன்னார். ஜெயக்குமார் எழுதிக்கொண்டே வாசித்தார்: "தலைவர் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்ததால்..." எழுதி முடித்து என்னைப் பார்த்தார். நான் நன்றி சொல்ல வேண்டுமாம்.

"என்னோடத எனக்கே தானம் பண்றீங்களா சார்?"

"என்னம்மா நீ! அதான் பாஸ் கிடைச்சிருச்சுல்ல? வேற என்ன வேணும் உனக்கு?"

"நூத்தி அறுபத்தேழு. அது ஒருத்தர் பேருக்கு நேராதான் இருக்கணும்."

"ஒரே ஒரு எண்ட்ரிம்மா."

"அதுக்காகத்தான் மொட்டைமாடியில ஒரு மணி நேரம் வெயில்ல நின்னேன்."

ரெங்கராஜ் சார் உட்கார்ந்து சட்னியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கும் முடிந்துவிட்டது. பெங்களூரில் அந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் இவர் மடியில் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும்.

"பாஸ் எனக்கு வேண்டாம்" என்றேன். கேமராவைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"வேண்டாம்னா எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார் ஜெயக்குமார். "நாளைக்கு வேற மாதிரி பேசக்கூடாது பாரு."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ரஃபீக் அண்ணன் படிக்கட்டு வரை வந்தார்.

"கிறுக்குத்தனம் பண்ணாத தங்கச்சி. இன்னொரு தடவை வருமா இந்த மாதிரி?"

"வராதுண்ணே."

"அப்புறம்?"

"சென்னைக்குக் காலைல ஒரு விமானம் இருக்கு. நாளைக்குக் கடையத் திறந்ததும் மொத டிக்கெட் எனக்குத்தான் போடப் போறேன். ஜன்னல் சீட்டு."

அவர் ஏதோ சொன்னார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிட்டேன்.