முன்னறைக் குஞ்சுகள்

தர்மா நான்காவது குஞ்சைப் பிடித்தபோது அது அவன் கட்டைவிரலைக் கொத்தியது.

"சீக்கிரம்ங்க. வேன் சிலிபின் தாண்டிருச்சாம்." வாசலில் போனோடு நின்ற மனைவி விமலாவுக்கு அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

வேனில் வந்துகொண்டிருந்தது அவளுடைய அம்மா. ஈப்போ ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் மூச்சுத் திணறி, விடியற்காலையில் அடங்கிப்போன வீரம்மா. விமலாவின் அண்ணன் கார்த்திகேசு வேனில் கூட வந்தார். உடலைக் கிடத்த வேண்டிய முன்னறைச் சன்னலோரத்தில், சூட்டுக்காகப் போட்ட பல்பு வெளிச்சத்தில், பெரிய அட்டைப்பெட்டிக்குள் இருபத்துமூன்று குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன.

பொரித்து நாலு வாரம்தான் ஆகிறது. முதுகில் இறகு முளைத்துவிட்டது; கழுத்தில் இன்னும் பஞ்சு. "இன்னும் ஒரு வாரம் போகட்டும் மாப்ள, அப்பறம் வெளிய விடலாம்" என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுகூட அத்தை சொல்லியிருந்தார். இப்போது ஒரு மணி நேரம்கூட இல்லை.

துணிக்கூடையில் சாக்கு விரித்து, மேலே துண்டைப் போர்த்தி, நாலு நடையாக, கம்பிவலை அடைத்த புல்தரையோடு இருந்த பின்கட்டுக் கூண்டுக்குக் கொண்டுபோனான். காற்று வரும் பக்கம் சாக்குத் தொங்கவிட்டான். பல்பைக் கொண்டுவர வயர் எட்டவில்லை. புல்லை முதல்முறை மிதித்த குஞ்சுகள் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, கடைசியில் ஒரே மூலையில் போய் ஒட்டிக்கொண்டன.

திரும்பி வந்தபோது விமலா மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கோழி நாத்தம் போகலங்க."

"ஊதுபத்தி கொளுத்து" என்றான்.

இரண்டு வருஷத்துக்கு முன் கமுந்திங்கில் அவன் வேலை பார்த்த ஃபாக்டரியை மூடினார்கள். மாமியார் வீட்டில் ஒண்டிக்கொண்டு மூன்று மாதம் தலை நிமிராமல் சாப்பிட்டான். பிறகு ஒருநாள், பாகான் டத்தோவில் எண்ணெய்ப்பனை வெட்டப் போவதாக மூட்டை கட்டினான். விமலா அழுதாள். அத்தை வெளியே போய், மதியம் ஒரு பெட்டியோடு வந்தார்.

"இருவது குஞ்சு வாங்கிட்டேன் மாப்ள. முட்டி வலியோட என்னால குனிய முடியாது. ஒரு பத்து நாளு இருந்து பாத்துக் குடுத்துட்டுப் போங்க."

அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை. இன்று டவுனில் மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்குப் போவது அவன் வளர்த்த கோழிதான்.

சடங்குக்கு முன், வாசலில் போட்ட கூடாரத்தில் கார்த்திகேசு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஜொகூரில் லாரி ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். இனி இந்த வீட்டில் எத்தனை நாள் என்று கேட்கப்போகிறார் என நினைத்துத் தர்மா நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"உள்ள குஞ்சுப் பெட்டி இருக்குன்னு அம்மா சொன்னாங்களே, எங்க மாப்ள?"

"கூண்டுக்கு மாத்திட்டேன் மச்சான்."

கார்த்திகேசு தலையாட்டினார். "அம்மாவுக்குக் கோழின்னாலே ஆகாதுலா, தெரியுமா? எஸ்டேட்டுல நாங்க சின்னப் பிள்ளைங்களா இருந்தப்ப, வீட்டுக்குள்ள ஒரு கோழி நுழைஞ்சா போதும், வெளக்கமாத்தத் தூக்கிருவாங்க. குஞ்சு வாங்கிருக்கேன்னு போன்ல சொன்னப்ப நான் சிரிச்சுட்டேன். 'மாப்ள போயிருவாருடா, வேற என்ன செய்யறதுன்னு தெரியல'ன்னாங்க."

இரண்டு வருஷத்தில் அத்தை ஒரு குஞ்சைக்கூடக் கையால் தொட்டதில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "அதுக்குத் தண்ணி வைங்க, இதுக்குக் கண்ணு சரியில்ல பாருங்க" என்று சொல்வதோடு சரி. முட்டி வலி என்றுதான் அவன் நினைத்திருந்தான். எழுந்து பின்பக்கம் போய், கழுவி வைத்திருந்த அண்டாவை மறுபடி தேய்த்துக் கழுவினான்.

தகனம் முடிந்து திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குளித்துத் துண்டைக் கட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கூண்டுக்குள் ஏறி அடையத் தெரியாத குஞ்சுகள் கம்பிவலை ஓரம் குவிந்து நனைந்து கத்தின. தர்மா ஓடினான். ஒரு கைக்கு ஒன்றாகப் பிடித்து உள்ளே விட்டான்.

பின்னால் காலடிச் சத்தம். கார்த்திகேசு வெற்றுடம்போடு நின்றார். சடங்குக்கு மழித்த தலை ஈரத்தில் மினுங்கியது.

"எத்தன?"

"இருவத்து மூணு மச்சான்."

அவர் சேற்றில் மண்டியிட்டார். பிடிக்கத் தெரியவில்லை, இரண்டு நழுவி ஓடின. "நெஞ்சோட அணைச்சுப் பிடிங்க" என்றான் தர்மா. இருவருமாகக் கடைசிக் குஞ்சுவரை தேடிப் பிடித்தார்கள். அது கார்த்திகேசுவின் கையில் அகப்பட்டது.

"உள்ள விடுங்க மச்சான்."

"இரு மாப்ள. நடுங்குது."

தோளில் கிடந்த துண்டின் நுனியால் அதை மூடி, மழைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். தர்மா கூண்டின் கதவைத் திறந்து பிடித்தபடி காத்திருந்தான்.