கேப்டன் ராஸ்க்கின் சாவுகளுக்குத் தனிப் பிரிவு

சட்பரியில் இவெட் லாஷான்ஸின் சமையலறைக்கு, இறந்துபோன கேப்டன் ராஸ்க் ஒரு நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை மதியம் வந்துசேர்ந்தார். உடம்பெல்லாம் ஏரித் தண்ணீர் சொட்டச் சொட்ட, ஜன்னலோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது இவெட்டின் கணவன் ஜில்பேர் உட்காரும் நாற்காலி. ஜில்பேர் அந்த வருடம் மார்ச்சில், உறைந்த ஏரியின்மேல் மீன் பிடிக்கப் போன இடத்தில் பனி உடைந்து மூழ்கி இறந்தவன்.

ராஸ்க் நிஜ மனிதர் அல்ல. சுப்பீரியர் ஏரியில் மீட்புப் படகு ஓட்டுபவராக ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்தவர். தொடர் பாதியில் நின்றுபோனது. பார்த்துப் பழகியவர்களுக்கு மனசு ஆறவில்லை. தாங்களே அவரை வைத்துக் கதைகள் எழுதி ஓர் இணையதளத்தில் போட்டு, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துவந்தார்கள். தண்டர் பேயில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஐலா நியேமி அந்தத் தளத்தைக் கவனித்துக்கொண்டாள். ராஸ்க் காதலிக்கும் கதைகளும், ரொட்டி சுட்டுக் கருக்கும் கதைகளும், சாகும் கதைகளும் அங்கே ஒன்றாகக் கலந்துதான் கிடந்தன. சாவு வரும் என்று தெரியாமல் படித்தவர் வீட்டுக்குச் செத்த ராஸ்க் வந்துவிடுவார் என்பது அங்கே பழகிப்போன விஷயம். கேல்கரியில் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். ஹாலிஃபாக்ஸில் ஒருவருடைய குளியல் தொட்டியில் படுத்திருந்தார். விடிந்தால் போய்விடுவார். வீட்டுக்காரர்கள் தரையைத் துடைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார்கள். இவெட் வீட்டிலிருந்து மட்டும் அவர் போகவில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்குவதற்குள் சமையலறைத் தரை ஊறி உப்பிவிட்டது. அக்கா வீடு குளிருகிறது என்று தங்கை வருவதை நிறுத்தினாள். இவெட் ஐலாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சாகுற கதையெல்லாம் தனியா எடுத்து வைடி, ஐலா. சாண்ட்விச்ச கையில வச்சுக்கிட்டு, கொஞ்சம் சிரிக்கலாமேன்னுதான் படிக்க உக்காந்தேன். இப்ப ஜில்பேரோட நாற்காலி நனைஞ்சுக்கிட்டே இருக்கு. எந்திரிங்கன்னு சொல்லவும் வாய் வரமாட்டேங்குது."

ஐலா இதைத் தளத்தில் கேட்டதும் தளம் இரண்டாகப் பிளந்தது. இவெட் படித்த கதையை எழுதிய மார்லி பெல்ட்டியர்தான் எல்லோரையும்விட உரக்க எதிர்த்தான். மாரத்தான் என்ற சிற்றூரில், பிழைக்கமாட்டார் என்று கைவிடப்பட்டவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அவன். "வாசல்லயே போர்டு மாட்டிட்டா அப்புறம் கதை எதுக்கு? சாவு என்ன சொல்லிட்டா வருது?" என்று எழுதினான். தனியாக ஒதுக்கினால் அந்தப் பக்கம் யாரும் எட்டிப்பார்க்கமாட்டார்கள் என்று பயந்தவர்களும் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். வேறெங்கும் அழ முடியாமல் அந்தக் கதைகளில் போய் அழுதவர்கள் அவர்கள். ஐலாவுக்கு இரண்டு பக்கமும் நியாயமாகப் பட்டது. அதுதான் அவளுடைய தொல்லை.

பள்ளி விடுமுறை விட்டதும் அவள் காரை எடுத்துக்கொண்டு சட்பரிக்குப் போனாள். "வாங்க கேப்டன், ஏரிப்பக்கமா போய்ட்டு வருவோம்" என்றாள். ஏரி என்றதும் ராஸ்க் எழுந்துவிட்டார். பின் இருக்கையில் அவர் ஏறி உட்கார, இவெட் குனிந்து அவருக்கு சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டாள். கார் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள்.

வழியெல்லாம் கார்க் கண்ணாடிகள் உள்பக்கமாக உறைந்தன. ஐலா ஒரு கையால் சுரண்டிக்கொண்டே ஓட்டினாள். நேராக மாரத்தானில் மார்லியின் வீட்டு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். கதவைத் திறந்த மார்லி, தான் சாகடித்த மனிதரைத் தானே முதல்முறையாகப் பார்த்தான். முடிவு தெரிந்தே எழுதுகிறவன் வீட்டுக்கு அவர் எப்படி வருவார்?

"நான் செத்தது சரிதான்ப்பா" என்றார் ராஸ்க். "அழகாத்தான் சாகடிச்சிருக்க. ஆனா யாரு வீட்டுல போய் விழுவேன்னு எனக்கும் தெரியல, படிச்ச அந்தப் பொண்ணுக்கும் தெரியல."

மார்லி ஓடிப்போய் ஒரு போர்வையை எடுத்துவந்து அவர் தோளில் சுற்றினான்; அவனுடைய தொழில் புத்தி அது.

"உன் ஆஸ்பத்திரில ஒருத்தர் போய்ட்டா, வர்ற சொந்தக்காரங்கள அப்படியே ரூமுக்குள்ள விட்டுருவியா?" என்று ஐலா கேட்டாள்.

மார்லி போர்வை நுனியை இழுத்துச் சரிசெய்தான். "இல்ல. கதவுக்கு வெளிய நிறுத்தி, சொல்லிட்டுத்தான் விடுவேன்."

"சொன்னா உள்ள போகாம இருக்காங்களா?"

"போவாங்க. எல்லாரும் போவாங்க... சில பேரு காபி குடிச்சுட்டுப் போவாங்க."

மறுநாள் ஐலா ராஸ்க்கைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், நிலவறையிலிருந்த நீராவி அறையைச் சூடாக்கி உட்காரவைத்தாள். சூடான கல்லில் தண்ணீர் ஊற்ற ஊற்ற அவர் காய்ந்து, லேசாகி, ஆவியோடு ஆவியாகக் காற்றுத் துளை வழியே வெளியேறினார். அந்த வாரமே தளத்தில் தனிப் பிரிவு திறந்தது. மார்லிதான் தன் கதைகளை முதலில் அங்கே கொண்டுபோய் வைத்தான்.

ராஸ்க் வருவது அதனால் நின்றுவிடவில்லை. தெரிந்தே படித்தவர்கள் வீட்டுக்கும் வர ஆரம்பித்தார். ஆனால் இப்போதெல்லாம் கதவைத் தட்டினார். சிலர் திறந்தார்கள். சிலர் இன்றைக்கு முடியாது என்றார்கள். அவரும் தொப்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பிப்போனார். அந்தப் பிரிவுக்குள் நுழையுமுன், அவர் துடைத்துக்கொள்ள ஒரு துண்டைக் கதவருகே எடுத்துவைப்பது வழக்கமானது.

இவெட் இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை வந்திருந்தபோது, சாவு என்று தெளிவாகப் போட்டிருந்த ஒரு கதையை முழுதாகப் படித்து முடித்து, தட்டும் சத்தம் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

"பூட்ஸ கழட்டிட்டு வாங்க. புதுத் தரை" என்றாள். தங்கை இன்னொரு தட்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.