ஊற்றுக் குட்டை நத்தைகள்

அருங்காட்சியகத்தில் எனக்கு இருக்கும் ஒரே நல்ல பெயர், எடுத்த வேலையில் மிச்சம் வைக்காதவள் என்பது. அந்தப் பெயரில் இடி விழ. செத்த பூச்சி, புழு, நத்தை எல்லாவற்றையும் ஸ்பிரிட் ஊற்றிய சீசாக்களில் அடைத்துச் சீட்டு ஒட்டுவது என் வேலை.

என் அண்ணன் பிளம்பர். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்னால், பாறையிடுக்கில் ஓர் ஊற்றும், அது நிரப்பும் ஒரு சின்னக் குட்டையும் இருந்தன. அதை மூடிக் கார் நிறுத்த இடம் கட்டப்போவதாகச் செய்தி வந்ததும் அண்ணன் வீடு வீடாக ஏறி இறங்கி, நாற்பது கையெழுத்து வாங்கி மனு கொடுத்தான். ஊரில் குழாயில்லாமல் தானாக வரும் தண்ணீர் அது ஒன்றுதான் என்பான். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு நாள், கடுகளவு நத்தை ஒன்றை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு என் மேஜைக்கே வந்துவிட்டான்.

"இது வேற எங்கயும் இல்லாததுன்னு நிரூபிச்சா குட்டையைத் தொட முடியாதாம் பாப்பா. சட்டம் இருக்காம்."

நாற்பத்தாறு வயதிலும் அவனுக்கு நான் பாப்பாதான்.

எங்கள் நத்தை நிபுணர் லென்ஸில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "புதுசு மாதிரி இருக்கும்மா. ஆனா ஒண்ணை வச்சு எழுத முடியாது. பெருசு, சின்னது, குஞ்சு எல்லாம் சேர்த்து இருபதாவது வேணும். அதுதான் முறை."

ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டையில் இறங்கினேன். கற்களைப் பல் துலக்கும் பிரஷால் தடவி, சேற்றைச் சல்லடையில் சலித்து, சாயங்காலம் வரை தேடினேன். இருபது கிடைத்த பிறகும் என் கை நிற்கவில்லை. இன்னும் மூன்று எடுத்தேன்.

கரையில் நின்ற அண்ணன், "போதும் பாப்பா. நாலஞ்சை விட்டுட்டு வா" என்றான்.

"நத்தைக்கா பஞ்சம்? பாறைக்கு அடியில ஆயிரம் இருக்கும். வேலையைப் பார்க்க விடுண்ணே."

வீட்டுக்குக்கூடப் போகாமல் அத்தனையையும் ஸ்பிரிட்டில் போட்டேன்.

ஏழாம் மாதம் நிபுணரின் கட்டுரை அச்சாகி வந்தது. உலகில் வேறெங்கும் காணாத புது இனம். அண்ணன் அதை நகல் எடுத்து ஒவ்வொரு மாடியிலும் ஒட்டினான். அடுத்த வாரமே, நத்தையை உயிரோடு பார்த்துப் பதிவு செய்ய அரசு ஆய்வுக் குழு வந்தது. மூன்று நாள் தேடினார்கள். ஒன்றுகூட இல்லை. நான்காம் நாள் நானே இறங்கினேன். நான் சலித்த இடத்தில் எனக்கு என்ன கிடைக்கும்?

கற்களில் பாசி விரல் தடிமனுக்கு ஏறியிருந்தது. இத்தனை காலமும் அதை மேய்ந்து தண்ணீரைத் தெளிவாக வைத்திருந்தவை அந்தக் கடுகளவுப் பிராணிகள்தான் என்று நிபுணர் அப்போதுதான் சொன்னார். இனி யாருக்கு வேண்டும் அந்த ஞானம். பாசி அழுகியது. நாற்றம் மூன்றாம் மாடிவரை ஏறியது, கொசு மொய்த்தது. அண்ணனுக்குக் கையெழுத்துப் போட்ட அதே நாற்பது பேர், குட்டையைச் சீக்கிரம் மூடச் சொல்லி இன்னொரு மனுவில் போட்டார்கள். முதல் கையெழுத்து அண்ணியுடையது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவள் நான். அவர்களை என்ன சொல்ல?

கான்கிரீட் ஊற்றிய அன்று அண்ணன் அருங்காட்சியகத்துக்கு வந்து சீசாவைப் பார்க்க வேண்டும் என்றான். பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அழுதாவது தொலைத்திருப்பேன். அவன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாக எண்ணினான். தான் கொண்டுவந்ததையும் சேர்த்து இருபத்து நான்கு.

அந்தப் பக்கம் வந்த இயக்குநர் அவன் தோளில் தட்டினார். "உங்க தங்கச்சி கெட்டிக்காரிங்க. இந்த இனத்தை இவ்வளவு முழுசா வச்சிருக்கிற இடம் உலகத்துலயே நம்ம இடம்தான்."

"ஆமாங்க," என்றான் அண்ணன். "ஒண்ணுகூட விடலை."