வியாழக்கிழமைக்குப் பரிகாரம்

பர்மாவில், மோல்மீன் பஸ் நிலையத்தில் டுன் யீ ஊர்ப் பெயரைக் கூவினால், ஊருக்குப் போகாதவன்கூட ஏறி உட்கார்ந்துவிடுவான். அப்பேர்ப்பட்ட நாக்கின் இடது ஓரத்தில் புண். வலித்ததும் மனிதர் என்ன செய்தார்? வெற்றிலையை வலது கடைவாய்க்கு மாற்றிக்கொண்டார். மகா புத்திசாலி!

மனைவி கின் த்வேதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். சதை எடுத்துச் சோதித்த டாக்டரம்மா, புற்றுநோய் என்பதை ஒளிக்காமல் சொன்னார்.

"இப்ப முதல் நிலை. ஒண்ணரை சென்டிமீட்டர், ஆழமும் கம்மி. உடனே வெட்டி எடுத்தா பத்துல எட்டுப் பேர் அஞ்சு வருஷம் தாண்டிடறாங்க. கழுத்துக்கு எறங்கிட்டா அதுல பாதிதான்."

வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

டுன் யீ நேரே ஜோசியர் லூ பேயிடம் போனார். வியாழன் தனக்கு ஆகாத நாள், விளக்குத் திருவிழா கழிந்த பிறகுதான் கத்தி படலாம் என்று கேட்டு வந்தார். அதாவது மூன்று மாதம்!

"கிரகம் சொல்லுது, நான் என்ன பண்ண?" என்றார். முகத்தில் பரீட்சை தள்ளிப்போன சந்தோஷம்.

கின் த்வே விடவில்லை. மறுநாள் காலையே லூ பே வீட்டு வாசலில் நின்றாள்.

"ஜோசியரே, நாள் நீங்க குறிச்சதா, அவரு கேட்டு வாங்கினதா?"

வாய் நிறைய வெற்றிலையோடு லூ பே கூரையைப் பார்த்தார். "கொஞ்சம் தள்ளிக் குடுங்கன்னாரு..."

"அதுக்குள்ள கழுத்துக்கு எறங்கினா உங்க கிரகமா வந்து தாங்கும்? எனக்கு அவரு வேணும். வியாழனுக்கே ஒரு பரிகாரம் சொல்லுங்க. வெத்தலையும் கூடாதுன்னு சேர்த்துக்கங்க."

"வெத்தலையா? அப்படி ஒரு பரிகாரம் ஏட்டுலயே இல்லியேம்மா!"

"இன்னிக்கு எழுதிக்கங்க."

அன்று மாலையே லூ பே டுன் யீயைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: புத்தர் பகோடாவில், பிறந்த கிழமைக்கென்று இருக்கும் மூலையில் ஒன்பது பூ, வெற்றிலைக்கு முழுக்கு, வியாழனே ஆபரேஷன். அவர் வீட்டுக்கு வந்து சொன்னதும் கின் த்வே ஒன்றும் தெரியாதவள்போல் வாயைப் பிளந்தாள். டுன் யீ மறுபேச்சில்லாமல் பூவை வைத்தார், வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டார். டாக்டர் சொல்லிக் கேட்காத மனிதர்!

வியாழக்கிழமை ஆபரேஷன் அறை வாசலில், தள்ளுபடுக்கையில் கிடந்தபடி அவளைக் கிட்டே கூப்பிட்டார்.

"லூ பேயா வெத்தலையை விடச் சொல்றாரு? கனவுலகூட மெல்ற ஆளு. நீ போய்ட்டு வந்திருக்க."

மாட்டிக்கொண்டாள். "தெரிஞ்சேவா வந்தீங்க?"

"இருபத்தாறு வருஷமா மூஞ்சிக்கு நேராத்தான் திட்டுவ. நீயே பொய் சொல்லக் கெளம்பிட்டன்னா எவ்வளவு பயந்திருக்கணும்? அப்பதான் எனக்கும் பயம் வந்துச்சு." அவள் பக்கம் கையை நீட்டினார். "அந்த எட்டுப் பேர்ல நானும் இருக்கணும், த்வே."

கின் த்வே அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் இரண்டு தரம் சொன்ன பிறகுதான் விட்டாள்.