ஃப்ரீசரில் இருந்த வீடு

1

இந்தக் கதை எனக்கு ஒரு வரிசையில் நிற்கும்போது கிடைத்தது. அமெரிக்காவில் எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், பத்திரப் பதிவு அலுவலகத்தில் எனக்கு முன்னால் நின்ற பெண் ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தாள். பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேசைக்குப் பின்னால் இருந்தவள் குனிந்து முகர்ந்து பார்த்து, "இது பத்திரமா, மான் கறியா?" என்றாள்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் நான் சேர்த்தது. என் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தச் சொட்டு மட்டும் நிற்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் வெர்லீன்…"

(மழை பெய்யவில்லை. யாராவது பயப்பட வேண்டும் என்றால் உடனே மழையைக் கூப்பிடுவது என் கெட்ட பழக்கம்.)

இரண்டாவது தொடக்கம்: "அந்த இருண்ட, முடிவில்லாத தாழ்வாரத்தில்…"

(நான் மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்து வளர்ந்தவன். அவற்றில் அலுவலகம் என்றால் தாழ்வாரம், அதிகாரி என்றால் முகமற்றவர். எங்கள் ஓசர்க் மலைப் பக்கத்து அலுவலகம் ஒரே ஓர் அறை. மேசையில் பெப்பர்மிண்ட் மிட்டாய்க் கிண்ணம். மேசைக்குப் பின்னால் இருக்கும் ட்ரூடிக்கு எல்லோருடைய பெயரும் தெரியும். இங்கேதான் எனக்குப் பயம் அதிகம். கதவைச் சாத்தும்போதுகூட உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் சாத்துவார்கள்.)

மூன்றாவது, இதுவே இருக்கட்டும்:

வெர்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அம்மா ஐலீன் இறந்த பிறகும் அம்மாவின் இரண்டாவது கணவர் ஆரினைவிட்டுப் போகாமல், அவரோடு அதே வீட்டில் இருந்து பார்த்துக்கொள்கிறவள். நினைவு நன்றாக இருந்த காலத்தில் ஆரின் அந்த வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தார். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டார். முத்திரையும் விழுந்தது. பதிவு மட்டும் செய்யவில்லை.

காரணம், எங்கள் வாரப் பத்திரிகை. யார் வீடு யார் பேருக்கு மாறியது என்று கடைசிக்கு முந்தின பக்கத்தில் போட்டுவிடுவார்கள். ஆரினின் மகன் டெரல் டல்சா நகரத்தில் இருந்தாலும் தபாலில் அதை வரவழைத்து, கால்பந்து முடிவிலிருந்து இரங்கல் செய்தி வரை ஒரு வரி விடாமல் படிப்பவன்.

"நான் இருக்கிற வரைக்கும் பேப்பர்ல வர வேண்டாம் பாப்பா. பையன் மனசு உடைஞ்சிடுவான்" என்றார் ஆரின்.

எனவே வெர்லீன் பத்திரத்தைப் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தாள்.*

* எங்கள் பக்கத்தில் எல்லோரும் அங்கேதான் வைக்கிறோம். வீடு எரிந்தாலும் ஃப்ரீசர் மிஞ்சும் என்பது எங்கள் நம்பிக்கை. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் எல்லாம் மான் கறிக்கு அடியில்தான். போன குளிர்காலத்துப் பனிப்புயலில் மின்சாரம் போனதையும், பையில் ஓர் ஓட்டை இருந்ததையும் வெர்லீன் கவனிக்கவில்லை.

3

"கையெழுத்து தெரியுது கண்ணு" என்றாள் ட்ரூடி. "நோட்டரி முத்திரைதான் போச்சு. பாரு, மை எல்லாம் கரைஞ்சு நீலத் தண்ணியா ஓடிருக்கு. இதைப் பதிய முடியாது."

"அந்த நோட்டரி ஃபுளோரிடாவுக்கே குடிபோயிட்டாரே."

"போகட்டும். நானும் நோட்டரிதான். புதுசா ஒரு பக்கம் சேத்து முத்திரை வைக்கிறேன். ஆனா ஆரின் என் முன்னாடி, இது என் கையெழுத்துதான், தெரிஞ்சுதான் போட்டேன்னு சொல்லணும். எப்ப கூட்டிட்டு வர்றே?"

"வண்டியில இருக்காரு."

"எப்படி இருக்காரு?"

"காலையில நல்லா இருந்தாரு" என்றாள் வெர்லீன்.

நாளைக்கு டெரல் வருகிறான், அப்பாவை டல்சாவுக்கே கூட்டிப்போக. அங்கே ஆரின் வீட்டை மகன் பேருக்கு எழுதும் இன்னொரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, அது முதலில் பதிவாகிவிட்டால் வெர்லீனுக்கு வீடில்லை.

(முதல் வடிவில் டெரலுக்குத் தங்கச் சங்கிலியும் கோணல் சிரிப்பும் கொடுத்திருந்தேன். பிறகு சந்தேகம் வந்தது. ஞாயிறு தவறாமல் அப்பாவுக்குப் போன் செய்கிறவன், அவருடைய சக்கர நாற்காலிக்காகத் தன் வீட்டு வாசலில் சரிவுப் பலகை அடித்து வைத்திருக்கிறவன் என்று மாற்றினேன். அப்போதிருந்துதான் எனக்குத் தூக்கம் வரவில்லை. கெட்டவன் என்றால் கதையை எப்போதோ முடித்திருப்பேன்.)

4

நடக்க முடியாதவர்களிடம் ட்ரூடியே முத்திரையை எடுத்துக்கொண்டு வெளியே வருவாள். ஆரின் வண்டியில் கண்ணாடியை இறக்கிவிட்டு, பன்னுக்குள் வைத்த இறைச்சியைத் தின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் துகள்.

"என்ன ஆரின், எனக்கு ஒரு வாய் மிச்சம் வச்சீங்களா?"

"நீ லேட்டு" என்றார் ஆரின். "எப்பவுமே கவர்ன்மென்ட் லேட்டுதான்."

ட்ரூடி சிரித்தாள். வெர்லீனுக்கு ஒரு நொடி மூச்சு வந்தது. ட்ரூடி பத்திரத்தை அவர் மடியில் விரித்தாள்.

"இது உங்க கையெழுத்தா? என்ன பேப்பர்னு சொல்லுங்க பாப்போம்."

இங்கிருந்து மூன்று வழிகள் எழுதிப் பார்த்தேன்.

அ. ஆரின் தெளிவாக, "என் வீடு. இவளுக்குக் கொடுத்தேன்" என்கிறார். (எழுதும்போது அழுதேன். மறுநாள் படித்தபோது நம்ப முடியவில்லை.)

ஆ. ஆரின், "டெரலைக் கேளு" என்கிறார். ட்ரூடி மெதுவாகக் காகிதத்தை மடிக்கிறாள். வெர்லீன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு…

(வேண்டாம்.)

இ. வெர்லீன் குனிந்து அவர் காதில், "ஆமான்னு மட்டும் சொல்லுங்க" என்கிறாள். (இதை எழுதும்போது அவள் வாய் அசையும் முன்பே என் வாய் அசைந்தது. ஆனால் வெர்லீன் அப்படிச் செய்ய மாட்டாள். எத்தனை முறை எழுதினாலும் இரண்டு கையாலும் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு சும்மாதான் நிற்கிறாள்.)

5

ஆகவே எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

ஆரின் காகிதத்தின் மேல் விரலை வைத்தார். கையெழுத்தின் மேல் மெதுவாக ஓட்டினார்.

"சில்லுனு இருக்கே" என்றார்.

பிறகு நிமிர்ந்து வெர்லீனைப் பார்த்தார். அவளுடைய முகத்தை, அவளுடைய சட்டையிலிருந்த பள்ளிச் சின்னத்தை.

"ஐலீன், உனக்கு பஸ் எடுக்க நேரமாகலையா? வீட்டைப் பூட்டிட்டுப் போ. சாவி உன்கிட்டதான இருக்கு?"

அம்மா ஐலீன் ஒருநாளும் பேருந்து ஓட்டியதில்லை. பேருந்து ஓட்டுகிறவள் வெர்லீன். வீட்டுச் சாவி வைத்திருப்பவளும் அவள்தான். ஆரினிடமிருந்து தவறியது பெயர் மட்டும்தான், ஆள் தவறவில்லை என்று நான் நினைக்கிறேன். ஆனால் நான் அவள் பக்கத்து ஆள். நான் நினைப்பது செல்லாது.

ட்ரூடி எப்படி இருப்பாள் என்று இதுவரை ஒரு வரிகூட நான் எழுதவில்லை, கவனித்தீர்களா? வயது, தலைமுடி, கண்ணாடி, எதுவும் இல்லை. அந்த இடத்தை உங்களுக்காகக் காலியாக வைத்திருந்தேன். வண்டியின் ஜன்னலோரம் நிற்பது நீங்கள். பொய்யாக முத்திரை வைத்தால் வேலை போகும். வைக்காவிட்டால் வெர்லீனுடைய வீடு போகும். அவள் உங்களைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சியதாக ஆகிவிடும் என்று தரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

முத்திரை உங்கள் கையில் இருக்கிறது. இன்னும் ஒரு கேள்வி அவரிடம் கேட்கலாம். கேட்டதே போதும் என்று நினைத்தால் கேட்காமலும் இருக்கலாம்.