பின்படிக்கட்டு

சாலைக் கடைத்தெருவில் நெல்லையப்பனுக்கு மூன்று மாடி ஜவுளிக்கடை. தீயணைப்பு ஆபீசர் சோதனைக்கு வருகிறார் என்றதும் அங்கே பின்படிக்கட்டுக்கு யோகம் அடித்தது. வருஷம் முழுக்க அதில் அடைந்து கிடந்த சேலை மூட்டைகளைப் பின்சந்துக்கு மாற்றச் சொன்னார் முதலாளி. விற்பனைப் பெண் இசக்கிசெல்விக்குச் சுமந்து சுமந்து இடுப்பொடிந்தது. நாங்கள் வெந்து செத்தால் பரவாயில்லை, ஆபீசர் கண்ணுக்குப் படி காலியாகத் தெரிய வேண்டுமாக்கும் என்று மனசுக்குள் கறுவினாள்.

மலையாளத்துக்காரரான ஆபீசர் ஷீனா மேல்மாடியில் நின்று படியை எட்டிப் பார்த்தார். முதலாளி பல்லெல்லாம் தெரிய இளித்தார்.

"எப்பவும் இப்படித்தான் மேடம், கிளீனா கிடக்கும்."

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. அப்போ இதுவழியே வெளிய போவோம்."

மூன்று மாடியும் இறங்கி, கீழ்க்கதவை முதலாளி ஜம்பமாகத் தள்ளினார். அசையவில்லை. தோளைக் கொடுத்து முட்டினார். வேர்த்து ஊற்றியதுதான் மிச்சம்.

பின்னால் வந்த இசக்கிசெல்வியை முறைத்தார். "ஏட்டி, மூட்டையெல்லாம் எங்க வச்ச?"

"கதவுக்கு வெளியதான் முதலாளி. களவு போயிரும், கதவோட நெருக்கி அடுக்குன்னு நீங்கதான சொன்னீங்க?"