நாற்பது வீட்டில் அந்நியர் யார்?

தபால்காரியின் தேர்வுக்காக எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் அவளுடைய சொந்தச் சித்தப்பா.

குடிநோய் ஆலோசகர் பயிற்சியின் கடைசி நாள். சுகாதார நிலையத்தின் பின்னறையில், பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருக்க, குடிக்கிற ஒருவரிடம் அரைமணி நேரம் பேச வேண்டும். தேறினால் அவர்களுடைய மேட்டுக் குடியிருப்பில் பூட்டிக் கிடக்கும் ஆலோசனை அறை வாரம் இரண்டு நாள் திறக்கும். தேறாவிட்டால் குடிக்கிறவர்கள் பழையபடி இரண்டு பஸ் மாறி நகரத்துக்குப் போக வேண்டும். போகிறவர் யாருமில்லை.

"சொந்தக்காரங்க வேண்டாம்னு முதல் நாளே சொன்னேனே அக்கா," என்றார் பயிற்சியாளர். தபால்காரியைவிடப் பதினைந்து வயது சின்னவர். "அடுத்தவரைக் கூப்பிடுங்க."

"அடுத்தது எங்க அத்தை மகன் மேடம்."

"அதுக்கடுத்து?"

"அண்ணியோட அண்ணன். இருக்கிறதே நாப்பது வீடு. அந்நியர்னா கரண்ட் மீட்டர் பாக்க வர்றவர்தான். அவரும் குடிக்கமாட்டாரு."

"நான் வேணா அடுத்த ஜென்மத்துல சொந்தமில்லாம பொறந்து வரட்டுமா?" என்றார் சித்தப்பா. லாரி மெக்கானிக், நகத்திடுக்கில் கிரீஸ்.

பயிற்சியாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, படிவத்துல உறவுன்னு இருக்கிற இடத்துல உள்ளதை எழுதிட்டு ஆரம்பிங்க."

பயிற்சியாளரின் கணக்கு எளிது. ஆலோசகர் குறுக்கே பேசினால் தாளில் ஒரு கோடு, புத்தி சொன்னால் ஒரு கோடு. ஐந்து விழுந்தால் தேர்வு போச்சு.

"எப்பலேருந்து குடிக்கிறீங்க?" என்று கேட்டாள் தபால்காரி.

"ரொம்ப நாளா."

"காலையிலயுமா?"

"ம்."

இந்த ஒற்றைச் சொற்களுக்கு நடுவே இருந்த மௌனத்தை அவளால் தாங்க முடியவில்லை. "சித்தியை நெனச்சுப் பாத்தீங்களா?" என்று ஆரம்பித்தாள். பத்து நிமிடத்தில் நான்கு கோடு.

அப்போதுதான் உறைத்தது. தான் பேசிக்கொண்டிருப்பது நகரத்து மொழி. சித்தப்பா அதை லாரி முதலாளிகளிடம் மட்டும்தான் பேசுவார். வீட்டு மொழிக்கு மாறினாள். "எதுல வருதோ அதுல பேசுங்க."

அவர் மூலையில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளரைப் பார்த்தார். "அந்தம்மாவுக்குப் புரியாதே?"

"புரியாது."

"நீ வெளியில போயி சொல்லிட்டா?"

"சித்தி கேட்டாலும் வாயத் திறக்கமாட்டேன்."

உள்ளங்கையைப் பார்த்தபடி அவர் பேச ஆரம்பித்தார். விடிந்தால் கை நடுங்குகிறது, குடித்தால்தான் ஸ்பேனர் கையில் நிற்கிறது. போன வாரம் ஒரு சக்கரத்தின் நட்டை முறுக்காமலே அனுப்பிவிட்டார். சத்தம் கேட்டு டிரைவர் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டான். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

'ஐயோ சித்தப்பா' என்பது தொண்டை வரை வந்தது. விழுங்கினாள். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அவர்கள் படித்து முடிக்கும்வரை வாசலில் எத்தனை முறை வாய்மூடி நின்றிருக்கிறாள்!

"அந்த டிரைவருக்கு மூணு பிள்ளைங்க," என்றார் சித்தப்பா, கடைசியில்.

நேரம் முடிந்து அவர் வெளியே போனதும் பயிற்சியாளர் தாளைத் திருப்பினார். "எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியல."

தபால்காரி தாளில் இருந்த நான்கு கோடுகளைப் பார்த்தாள்.

"ஆனா யார் பேசினாங்கன்னு பாத்தேன். கடைசி இருபது நிமிஷமும் அவர்தான். ஒரு கோடுகூட விழல." கையெழுத்துப் போட்டார். "வாரா வாரம் எனக்கு போன் பண்ணணும். சொந்தக்காரங்கள வச்சுக்கிட்டு தனியா சமாளிக்க முடியாது."

வராந்தாவில் சித்தப்பா காத்திருந்தார். "என்ன, பாஸா?"

"பாஸ். வியாழக்கிழமை பத்து மணிக்கு அறை திறப்பேன்."

"பத்துக்குள்ள நான் குடிச்சிருப்பேனே," என்றார், ஒளிக்காமல்.

"அப்ப ஏழுக்கே திறக்கிறேன்."